நிற்கிற லாரிக்குக் கால் பிடிப்பவர்

“ஓடாத லாரிக்கு எதுக்குப்பா கால் பிடிச்சு விடறீங்க?”

ராணுவக் கொட்டகையில் ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் ஆறு வயது மகள் கேட்டது இது.

“நின்னுக்கிட்டே இருந்தா அதுக்கும் கால் மரத்துப்போகும்மா.”

அந்த வருஷம்தான் சிக்கன உத்தரவு வந்தது. டீசலை மிச்சம் பிடிக்க, லாரிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கிளப்ப வேண்டும். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் பன்னிரண்டு லாரிகளும் அரை மணி நேரத்துக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும்.

“பட்டினி கிடன்னும் சொல்றாங்க, பந்தயத்துல முதல்ல வான்னும் சொல்றாங்க. எதைண்ணே செய்வீங்க?” என்றார் ஸ்டோர்காரர்.

“ரெண்டையும்தான். வேற வழி?”

ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். அதனால் சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு சக்கரத்தையும் கால் சுற்றுத் திருப்பி, திருப்பியதற்கு அடையாளமாக அடியில் சாக்பீஸ் கோடு போட வேண்டும். மெக்கானிக் பொறுப்பில் ஆறு லாரி, டிரைவர் நெட்டையன் பொறுப்பில் ஆறு.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சிக்கனம் மட்டும் இன்னும் போகவில்லை.

போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டு ஆறு வாரம் படுக்கையில் கிடந்தார். திரும்பி வந்து பார்த்தால், அவருடைய ஆறு லாரிகளிலும் கோடு வாரம் தவறாமல் நகர்ந்திருந்தது. நெட்டையன் தன் ஆறோடு அவற்றையும் திருப்பியிருந்தான்.

இப்போது மனைவியின் ஆபரேஷனுக்காக நெட்டையன் அவசர லீவில் போய் மூன்று வாரம் ஆகிறது. அவன் லாரிகளை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக் மூன்று சனிக்கிழமைகளைத் தள்ளிவிட்டார். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இடுப்பு வலிக்கிறது, காரணத்துக்கா பஞ்சம்?

ஞாயிறு காலை ஸ்டோர்காரர் வந்தார்.

“நாளைக்குச் சோதனையாம்ண்ணே. ஒரு டயர் தட்டையா இருந்தாலும் பொறுப்பாளருக்கு, அவர் லீவுல இருந்தாலும், பணி நீட்டிப்பு கிடையாதாம். பாவம், நெட்டையன்.”

நீட்டிப்பு இல்லாவிட்டால் நெட்டையனுக்கு இன்னும் இரண்டே மாதம்தான் வேலை. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், ராணுவ ஆஸ்பத்திரியில் மனைவிக்கு நடக்கும் வைத்தியமும் போகும். மெக்கானிக் கொட்டகைச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மதியம், எல்லாரும் படுத்திருந்த நேரத்தில், கொட்டகையைத் திறந்து உள்ளே போனார். காவலாளி சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தான். நெட்டையனின் முதல் லாரிக்குப் பக்கத்தில் மெல்ல மண்டியிட்டார்.

“ஆண்டவா, என் சோம்பலுக்கு அவனைத் தண்டிச்சிடாதே. இந்த இடுப்பை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோ.”

ஜாக்கி ஏறியது. தட்டையான பக்கத்தை மேலே திருப்பி, காற்றடித்து வைத்தால் விடிவதற்குள் ரப்பர் பழைய வட்டத்துக்கு வந்துவிடும். இரண்டாவது லாரியில் சட்டை நனைந்தது. நாலாவது லாரியில் நிமிர முடியாமல், அடுத்த சக்கரத்துக்குத் தவழ்ந்தே போனார். மகள் பார்த்தால், யார் யாருக்குக் கால் பிடிக்கிறார்கள் என்று கேட்பாள்.

கடைசிச் சக்கரம் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. சாக்பீஸை எடுத்தார். அவர் கோடு நேராக இருக்கும்; நெட்டையன் கோட்டின் முனையில் சின்னதாய் ஒரு வளைவு விழும். ஆறு லாரிகளுக்கும் அதே வளைவோடு கோடு போட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு, ஜாக்கியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, கொட்டகையைப் பூட்டினார்.