பத்தில் ஒன்பது

மூன்றாவது முறையாகவும் குவளையின் அடியில் ஒன்பது செத்துக் கிடந்தன. தங்கை உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடி எண்ணினாள். குளத்து நீரில் துள்ளித் திரியும் நீர்த்தெள்ளு, புள்ளியளவு உடம்பு, இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். வெறும் நீர்க் குவளையில் பத்தும் உயிரோடிருந்தன. இலைச்சாறு கலந்ததில்தான் இந்தக் கதி. பக்கத்துத் தட்டிலோ, அதே சாற்றில் நனைந்த தாளின்மேல் முள்ளங்கி விதைகள் ஒன்று விடாமல் முளைத்து, என்னைப் பார் என்று நின்றன.

சாறு அக்காவுடையது. கொசுப்புழுவைக் கொல்ல ஆறு ஆண்டுகள் இலை அரைத்து, வடித்துக் கண்டது. அடுத்த வாரம் குளங்களில் தெளிக்கப் போகிறார்கள். அதற்குமுன் அது பயிருக்கும் மற்ற நீருயிர்களுக்கும் கெடுதலா என்று பார்ப்பது தங்கையின் வேலை. தங்கையை இந்தச் சோதனைக்கூடத்தில் சேர்த்துவிட்டதும் அக்காதான். அம்மா போனபின் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவளும் அவளே.

உள்ளே வந்த அக்கா முளைகளை மட்டும் பார்த்தாள்.

“விதை நல்லாருக்குல்ல. அத மட்டும் எழுதி அனுப்பு.”

“தெள்ளு செத்துப்போச்சுக்கா. மூணு தடவ வெச்சுப் பாத்துட்டேன்.”

“வெறும் இலைடி. ஆடு மேயுது.”

“ஆடு குளத்துக்குள்ள குடியிருக்கலையே.”

அக்கா சிரிக்கவில்லை. “உன்ன இங்க கொண்டுவந்து உக்காரவெச்சது இதுக்குத்தானா?” என்றாள், தணிந்த குரலில்.

தங்கைக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் குரலுக்கு அவள் இதுவரை எதையும் மறுத்ததில்லை. ஆனாலும் அறிக்கையின் இரண்டு கட்டங்களையும் நிரப்பினாள். விதை: முழுக்க முளைத்தது. நீர்த்தெள்ளு: பத்தில் ஒன்பது சாவு. கையெழுத்திட்டு, அக்கா பார்க்கப் பார்க்கவே மேலிடத்துக்கு அனுப்பினாள்.

“இதுக்குத்தான்க்கா. வேலைய விட்டுத் தூக்கணும்னா தூக்கச் சொல்லு. எண்ணினத மாத்த மாட்டேன்.”

அக்கா வாசல்வரை போனாள். கதவுப் பிடியில் கைவைத்தபடி நின்றவள், திரும்பி வந்து முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

“நகரு. நானே வெச்சுப் பாக்குறேன்.”

“வெய்யி. எத்தன தடவ வேணும்னாலும் வெய்யி.”

வளர்ப்புத் தொட்டியின் பச்சை நீருக்குள் அக்கா சொட்டுக்குழாயை இறக்கினாள். தெள்ளு ஒன்றைக் குறிவைத்து மெல்ல அணுகினாள். குழாயின் வாய் நெருங்கியதும் அது ஒரு துள்ளுத் துள்ளி, விலகி, வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறிப்போயிற்று.