எரிவாயு வாக்கெடுப்பும் அப்பாவின் ஆபரேஷனும்

ஊரே டீச்சர் என்று கூப்பிடுகிற அந்த எதிர்க்கட்சி உறுப்பினருக்குப் பல மாதமாக வேறு பேச்சே கிடையாது. எழுந்தால் எரிவாயு, படுத்தால் எரிவாயு. பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் காதில் ரத்தம் வராத குறைதான். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கேயோ பூமிக்கடியில் எடுத்த வாயுவைக் கடுங்குளிரில் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி வந்து, இங்கே இறக்கி, திரும்பவும் வாயுவாக்கிக் குழாயில் விடுவதற்கு ஒரு முனையம் கட்டப் போகிறார்கள். கட்டப் போவது அவள் தொகுதிக் கடற்கரையில். அந்தக் கடற்கரையில் கடைசித் தெரு என்று ஒன்று இருந்தது. இப்போது அங்கே அலைதான் அடிக்கிறது. அதற்கு முந்தின தெரு கடைசித் தெரு ஆகிவிட்டது.

அந்தத் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிற சலூன்காரர்தான் தேர்தலின்போது அவளுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவர். தனக்கென்று ஒன்றும் கேட்காத மனிதர். "கடல் ஏன் ஏறுதுன்னு எனக்கே புரியற மாதிரி சொன்னீங்க டீச்சர். அதையே அங்க போய்ச் சொல்லுங்க, போதும்" என்றார், அவ்வளவுதான்.

சபையில் சொன்னாள். தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். நிலக்கரியை எரிப்பதைவிட இதில் பாதிப் புகைதானே என்று அமைச்சர் கேட்டார். எரிக்கிற இடத்தில் பாதிதான், ஒத்துக்கொள்கிறேன். தோண்டுகிற இடத்திலிருந்து குழாய் வரைக்கும் வழியெல்லாம் கசிகிறதே, புகையைவிடப் பல மடங்கு சூடேற்றுகிற அந்தக் கசிவை யார் தலையில் எழுதுவீர்கள் என்று இவள் கேட்டாள். மின்வெட்டில் ஆலைகள் மூடிக்கிடக்கின்றன, காற்றாலையும் சூரியத் தகடும் வரும்வரை ஒரு பாலம் வேண்டாமா என்றார் அமைச்சர். கால் நூற்றாண்டுக்கு ஒப்பந்தம் போடுகிறீர்கள், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும், அது பாலமா, குடியிருக்கிற வீடா என்றாள். சபை சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். அவருக்கென்ன, அவர் வீடு மலைமேல் இருக்கிறது.

ஆனாலும் அந்தப் பேச்சு வேலை செய்தது. ஆளுங்கட்சிக் கூட்டணியிலேயே நாலைந்து பேர் முறுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு பக்கமும் தலையை எண்ணிப் பார்த்தால் சரிசமம். முனையத்துக்கு ஒப்புதல் கேட்டு அரசு கொண்டுவந்த தீர்மானம், ஓட்டு சமமாக வந்தால் விழுந்துவிடும் என்பது சபை விதி. வாக்கெடுப்பு நாளை அறிவித்தபோது டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவின் வயிறு ஊருக்குள் பெரிய விஷயமானது.

அப்பா நிலக்கரி மின் நிலையத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு டீச்சரோடுதான் இருக்கிறார். அவருக்கு ஹெர்னியா என்கிற குடலிறக்கம் இருப்பது ஊரறிந்த ரகசியம். "அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்று வருடக்கணக்காக டாக்டர் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். திடீரென்று வலி என்றார். டீச்சர் சபைக்கும் வீட்டுக்கும் அல்லாடிக்கொண்டிருந்ததால், அதிசயத்திலும் அதிசயமாக அண்ணன் வந்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் சபை உறுப்பினர்தான், பக்கத்துத் தொகுதி. ஆனால் ஆளுங்கட்சி. சபையில் இருவரும் எதிரும் புதிரும், வெளியே வந்தால், "பாப்பா, தொண்டை கட்டிக்கிச்சா? சுடுதண்ணி குடி" என்பான். ஐம்பது வயதை நெருங்குகிறவளைப் பாப்பா என்று கூப்பிட அவனும் அப்பாவும்தான் மிச்சம். அதைக் கேட்டால் அவள் உருகிவிடுவாள் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "குடல் முறுக்கிக்கும்னு டாக்டர் பயமுறுத்தறார் பாப்பா. உடனே பண்ணணுமாம். வாக்கெடுப்பு அன்னிக்குத்தான் தேதி கிடைச்சுது."

"வேற தேதி இல்லையா?"

"கேட்டேன். இல்லங்கறாங்க."

அப்பா கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா பக்கத்துல இருந்தாத்தான் நான் தியேட்டருக்குள்ள போவேன். இல்லன்னா இப்படியே போய்ச் சேர்றேன்" என்றார்.

டீச்சருக்குத் தலையில் இடி விழுந்தது. அண்ணன்தான் வழி சொன்னான். "நாம ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கலாம். நீ அப்பாகிட்ட இரு. நானும் உள்ள போகல. எனக்கும் அந்த ஒப்பந்தம் மனசுக்கு ஒப்பல, வெளிய சொல்ல முடியல, அவ்வளவுதான். நீயும் இல்ல, நானும் இல்ல, மறுபடி சமம். தீர்மானம் விழுந்துடும்."

ஜோடி என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சபைப் பழக்கம். இந்தப் பக்கம் ஒருவருக்குச் சாவோ நோவோ என்றால், அந்தப் பக்கம் ஒருவர் தானாக வெளியே நின்றுகொள்வார், கணக்கு நேராகிவிடும். கட்சி உறுப்பினர்களைக் கட்டி மேய்க்கிற கொறடா என்று இரு பக்கமும் ஒருவர் உண்டு. ஜோடி போடுகிறவர்கள் அந்தக் கொறடாக்களிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு கொறடாக்களும் கைகுலுக்கிவிட்டால் பிறகு எந்தக் கொம்பனும் அதை மீற மாட்டான்.

"கொறடாகிட்ட மட்டும் சொல்லிடாத பாப்பா" என்றான் அண்ணன். "எங்க ஆளுக்குத் தெரிஞ்சா என்னைக் கட்டித் தூக்கிட்டுப் போய் உள்ள உட்கார வெச்சுடுவார். வயித்து வலின்னு நானே நழுவிடறேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் டீச்சர் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள். அமைச்சரைக் குறுக்குக் கேள்வி கேட்டே திக்குமுக்காட வைத்தவள். அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சாப்பிட்டுட்டுப் போறியா?"

வாக்கெடுப்பன்று காலையில் அவளுடைய கட்சிக் கொறடா போனில் வந்தார்.

"வரலன்னா என்ன அர்த்தம் டீச்சர்? இது உங்க சண்டை."

"அப்பாவுக்கு ஆபரேஷன் சார். ஆனா கணக்கு மாறாது. நான் ஜோடி போட்டிருக்கேன்."

"யாரோட? பேரைச் சொல்லுங்க. அந்தப் பக்கத்துக் கொறடாவோட பேசி உறுதி பண்ணிக்கிறேன்."

"பேர் சொல்ல முடியாது சார். என்னை நம்புங்க."

கொறடா "உங்களை நம்பறேன்" என்று வைத்துவிட்டார். அந்த 'உங்களை'யில் இருந்த அழுத்தம் அவளுக்கு உறைக்கத்தான் செய்தது. ஆனால் அதற்குள் அப்பாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். அப்பா அவள் கையைப் பிடித்து, "இங்கயே இருப்பல்ல?" என்றார். இருப்பேன் என்றாள்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். மூலையில் உயரத்தில் ஒரு டிவி. யாரோ ஒரு அம்மாள் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கெஞ்சிக் கேட்டு சபை நடவடிக்கைக்கு மாற்ற வைத்தாள். "இதுவும் சண்டைதானே, என்ன, நல்ல புடவை கட்டிக்க மாட்டாங்க" என்று முனகியபடி அந்த அம்மாள் விட்டுக்கொடுத்தாள்.

கேமரா வரிசை வரிசையாகக் காட்டியது. அண்ணனின் இருக்கை காலி. டீச்சர் மூச்சை விட்டாள். அமைச்சர் பேசினார், பாலம் திரும்பவும் வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் பேசினார். இவள் எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினார், பாதியை விழுங்கிவிட்டுப் பேசினார். அதற்கே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி வாக்கெடுப்புதான் என்று நினைத்தபோது கதவு திறந்தது. அண்ணன் நடந்து வந்தான். அவசரமில்லாமல், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பேச அனுமதி கேட்டுக் கையைத் தூக்கினான்.

"அது உங்க சொந்தக்காரரா? உங்க ஜாடையா இருக்கார்" என்றாள் ரிமோட் அம்மாள்.

டீச்சர் எழுந்து டிவிக்குக் கீழே போய் நின்றாள்.

"தலைவர் அவர்களே," என்று ஆரம்பித்தான் அண்ணன். குரல் தழதழத்தது, அதை எப்போது வேண்டுமானாலும் வரவழைக்க அவனுக்குத் தெரியும். "நான் இப்போது இங்கே நின்றுகொண்டிருக்கிறேன். என்னைப் பெற்றவர் ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கிறார். அவர் தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிகிறது. அந்த விளக்கு அணைந்தால் என்ன ஆகும்? நாளைக்கு என்ன பருவநிலை என்று பேசுகிறவர்களைக் கேட்கிறேன், இன்றைக்கு என் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது? எனக்கு அந்த விளக்கு எரிய வேண்டும். அதனால்தான், அவரை விட்டுவிட்டு, இந்த எரிவாயுவுக்கு ஓட்டுப்போட வந்திருக்கிறேன்."

ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டிய தட்டில் டிவியே அதிர்ந்தது. எதிர்ப்பக்கம் தலையைக் குனிந்துகொண்டது. அப்பாவை இழுத்துவிட்டவனை எதிர்த்து யார் என்ன பேச முடியும்? வாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஒரு ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. அமைச்சர் எழுந்து போய் அண்ணனைக் கட்டிப்பிடித்தார்.

டீச்சருக்கு அழுகை வரவில்லை. எல்லோர் எதிரிலும் துணியை உருவியது போல ஒரு கூச்சம்தான் வந்தது. இத்தனை மாதம் ஆயிரம் பேரைச் சந்தேகப்பட்டு, அமைச்சரின் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் போட்டுப் பார்த்தவளின் தலையில், கூடப் பிறந்தவன் சாவகாசமாக உட்கார்ந்து மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அந்நேரம் பார்த்து டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க, சுலபமா முடிஞ்சுது. அவசரமே இல்லாத கேஸ். அடுத்த மாசம்கூடப் பண்ணலாம்னுதான் சொன்னேன். உங்க அப்பாதான் இந்தத் தேதியே வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார். ரொம்பப் பிடிவாதக்காரர்" என்று சிரித்தார்.

"அப்பாவா? எங்கண்ணன் இல்லையா?"

"அவர் பேசாமத்தான் இருந்தார். தேதி சொன்னது பெரியவர்தான்."

அறைக்குக் கொண்டுவந்து மயக்கம் தெளிந்த பிறகும் அப்பா கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார். விழித்திருக்கிறார் என்று இமையைப் பார்த்தாலே தெரிந்தது. டீச்சர் எத்தனை பிள்ளைகளை இப்படிப் பார்த்திருக்கிறாள்.

"நடிக்காதீங்கப்பா."

அப்பா கண்ணைத் திறந்தார். "ஜெயிச்சுட்டானா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"ஏம்பா இப்படிப் பண்ணீங்க?"

"அவனை மந்திரியாக்கறேன்னு வாக்கு குடுத்திருக்காங்க. இந்த ஒரு ஓட்டு விழுந்தா. அவனுக்கும் வயசாகுது பாப்பா, இதை விட்டா வேற எப்போ? உனக்கென்ன, நீ எதிர்க்கட்சி. தோத்தாலும் நாளைக்கு எழுந்து பேசலாம். ஜெயிச்சாலும் பேச்சுதான்."

"அது என் தொகுதிப்பா. என் ஜனங்க."

"நான் காலமெல்லாம் கரித்தூளை முழுங்கினவன். வாயு வந்தா இனிமே வேலைக்கு வர்றவன் நெஞ்சுல அது இருக்காது. அது ஒண்ணும் பாவம் இல்ல."

"அது உங்க நியாயம்னா, அதைச் சொல்லி என்னோட சண்டை போட்டிருக்கலாமே. வயித்தைக் காட்டி ஏன் உட்கார வெச்சீங்க?"

அப்பா, "கத்தாத, தையல் வலிக்குது" என்றார்.

போன் அடித்தது. சலூன்காரர். பின்னால் ஏகப்பட்ட குரல்கள் கேட்டன. கடை நிறைய ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.

"டீச்சர், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் இவங்க வாயை அடைச்சுடறேன். அண்ணனும் தங்கச்சியும் பேசி வெச்சுக்கிட்டு ஆளுக்கொரு வேஷம் போட்டுட்டாங்கன்னு கண்டபடி பேசறாங்க. உங்கண்ணனே சபையில அப்பாவுக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டார். எமர்ஜென்சிதானே? உயிர் போற நிலைமைதானே? ஆமான்னு மட்டும் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

குரல் அறை முழுக்கக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது. ஆமா சொல்லு, என்று அவர் உதட்டை அசைத்தார். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, சொல்லு சொல்லு என்று சைகை காட்டினார். ஆமா என்று சொன்னால் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். அப்பா நோயாளியாக இருப்பார், அண்ணன் மந்திரியாக இருப்பான், அவளும் தகப்பனுக்காகத் தோற்ற மகளாக அடுத்த தேர்தலுக்குப் போய் நிற்கலாம். அந்தத் தெரு ஒன்றுதான் பிழைக்காது.

"இல்லைங்க" என்றாள் டீச்சர். "எமர்ஜென்சி இல்ல. அடுத்த மாசம்கூடப் பண்ணியிருக்கலாம். எங்கப்பாதான் எங்கண்ணனுக்காக இந்த நாளைக் குறிச்சார். எங்கண்ணன் உள்ள போக மாட்டேன்னு வாக்கு குடுத்தான். நான் யார்கிட்டயும் கேட்காம நம்பிட்டேன்."

அந்தப் பக்கம் குரல்கள் அடங்கிவிட்டன. சலூன்காரர் ஸ்பீக்கரை அணைத்திருக்க வேண்டும்.

"பொய்யாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். "நான் இவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

வைத்துவிட்டார். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, தண்ணீர் வேண்டும் என்றார். டீச்சர் வெளியே போய், ஆறாம் எண் அறைக்குத் தண்ணீர் கொடுங்கள், இனி அவரோடு இருக்க ஆள் இல்லை என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.