களப்பைப் பார்த்த கதிரைகள்

புத்தளத்தில் கடல்நீர்க் களப்போரத்துப் பழைய மீன் ஏலக் கொட்டில் இடிந்த பிறகு, அந்த வெளி குப்பைக்கும் கழுதைகளுக்கும் என்று ஆகிவிட்டது. நகரசபை ஒருநாள் குப்பையை அள்ளியது. பிறகு நகரசபை அனுப்பிய அனஸ்தாசியா என்ற சிலாபத்துப் பிள்ளை லொறியில் வெள்ளைப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். சும்மா ஒருவரும் ஒன்றும் தரமாட்டார்கள் என்று நான் போய்ப் பார்த்தேன்.

"என்ன புள்ள, செத்தவங்கள வைக்கிற மையத்துப் பெட்டியா?"

"கதிரை ஐயா. ஒண்டோட ஒண்டக் கொளுவினா மூணு பேர் இருக்கிற வாங்கு. முன்னால இன்னொண்டு வச்சா கால் நீட்டிப் படுக்கலாம். பிடிக்காட்டிக் கழட்டி வேற மாதிரி வைங்க."

"கழட்டினா பொலிசுக்குக் குடுப்பியா?"

"கழட்டத்தானே செஞ்சிருக்கு."

எல்லாவற்றையும் தண்ணீரைப் பார்க்க வைத்தாள். நோன்பு தொடங்கும் வரைக்கும் நகரசபை பார்க்குமாம். சனம் வராவிட்டால் பெட்டிகள் வேறு ஊருக்கு, வெளிக்கு வேலி.

மத்தியான வெயிலில் உப்பளப் பக்கத்து வெளிச்சம் வந்து விழும்போது அந்தப் பெட்டிகள் நிலத்தில் நிற்பதாகத் தெரியாது. தண்ணீருக்கு மேலே ஒரு முழம் உயர்ந்து மெல்ல அசையும். கழுதைகள் அவற்றின் நிழலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். சனம் வந்தது, தடவிப் பார்த்தது, போனது. படுக்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் மனைவி நஃபீஸாவுக்கு முழங்கால் வீக்கம். நிலத்தில் இருந்தால் எழும்ப ஏலாது. வீடுகள் நெருக்கிய எங்கள் ஒழுங்கையில் காற்றும் இல்லை.

"அங்க ஒரு பொழுது இருந்துட்டு வரட்டா?" என்று கேட்டாள். நானும் வந்து தூக்கிவிட வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

"தொண்ணூறுல துவக்கோட வந்து மன்னார்ல சொந்த வீட்டுல இருந்தே எழும்பிப் போகச் சொன்னானுகள். இது நகரசபைட பெட்டி."

"அதுக்கு நான் மவுத்தாகும் வரைக்கும் நிண்டுகொண்டே இருக்கவா?"



நோன்புக்கு முதல் நாள் பின்னேரம், அசர்த் தொழுகைக்குப் பிறகு லொறி வந்தது. ஏற்றுவதைப் பார்க்கப் போனேன். நஃபீஸா எனக்கு முதலே போய், பக்கத்து வீட்டு ஹவ்வாவின் தோளைப் பிடித்தபடி ஒரு பெட்டியில் இருந்தாள். கால் தொங்கியது. அனஸ்தாசியா இன்னொரு பெட்டியை முன்னால் தள்ளினாள்.

"காலத் தூக்கி வைங்க அம்மா."

"அங்கால கிப்லா மகள். தொழுற பக்கம் எப்பிடிக் கால நீட்ட?"

அந்தப் பிள்ளை களப்பைப் பார்த்தாள். அதற்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லையே ஐயா."

"நீ கேட்டியா?"

"இந்த மனிசன் கேட்டாலும் சொல்லாது, மகள்" என்றாள் நஃபீஸா.

ஹவ்வா நஃபீஸாவைத் தூக்கிப் பிடிக்க, நான் குனிந்து கொளுக்கியைக் கழற்றினேன். பெட்டி பஞ்சு போலத் திரும்பியது. இரண்டு பெட்டிகளையும் தலை வடக்கே வரும்படி கொளுவினேன். நஃபீஸா வலப்பக்கம் சரிந்து படுத்தாள். இப்போது அவள் முகத்துக்கு நேரே களப்பு.

ஹவ்வா ஒழுங்கைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பெண்கள் வந்தார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, காற்று மாறும்போது நங்கூரத்தில் நிற்கிற வள்ளங்கள் திரும்புவது போல, அவசரம் இல்லாமல். யார் தள்ளினார்கள், எது தானாகத் திரும்பியது என்று என்னால் சொல்ல முடியாது. தண்ணீர் செம்பு நிறமாகி, வெள்ளைப் பெட்டிகளும் அந்த நிறமாகின.

லொறிச் சாரதி யாகப்பு, "ஏத்தட்டா மிஸ்?" என்றான்.

"ஆக்கள் படுத்திருக்கிறாங்க. ஆக்களோட ஏத்துவியா?"

லொறி வெறுமனே போனது. நாளைக்கு வேறொருவன் வருவான், எனக்குத் தெரியும். அனஸ்தாசியா தொலைபேசியில் யாருக்கோ படம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அசருக்குப் பிறகு தூங்கக் கூடாது என்று வீட்டில் எல்லாரையும் ஏசுகிறவள் நஃபீஸா. வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். சூரியன் மறைந்து மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. எழுப்பத்தான் வேண்டும். அவள் கால்மாட்டில் இடம் இருந்தது. கொஞ்சம் கழித்து எழுப்பலாம் என்று அதில் உட்கார்ந்தேன்.