காயத்தைச் சுற்றிய இறைச்சி

ஸ்தூரே ஈயத்தின் மேல் வஞ்சம் வைத்திருந்தான். நியாயமான வஞ்சம்தான். போன இலையுதிர் காலத்தில் அவனுடைய நாய் ராயா வலிப்பு வந்து, நிற்க மாட்டாமல், சுவரில் தலையை முட்டிக்கொண்டு செத்தது. ரத்தத்தில் ஈயம் என்றார் மருத்துவர். சுட்ட எல்க் மானை அறுக்கும்போது, குண்டு பட்ட காயத்தைச் சுற்றி வெட்டி ஒதுக்கும் இறைச்சியை நாய்க்குப் போடுவது அவன் வேட்டையாடும் யெம்ட்லாந்துக் காடுகளில் வழக்கம். ஈயக் குண்டு உடம்புக்குள் பொடிப்பொடியாகச் சிதறும். அந்தப் பொடியைத்தான் வருஷக்கணக்காகத் தன் கையாலேயே அவளுக்கு வாளியில் போட்டிருந்தான்.

ராயாவின் மகள் டுஸ்ஸாதான் மிச்சம். வேட்டைக் குழுவில் இருந்த ஒரே நாயும் அவள்தான். ஈயக் குண்டு போட்டுச் சுடுகிறவன் எவனும் டுஸ்ஸாவோடு காட்டுக்கு வர வேண்டாம் என்று ஸ்தூரே கறாராகச் சொல்லிவிட்டான். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே செம்புக் குண்டுக்கு மாறினார்கள். அவன் மனைவியின் அண்ணன் ஈவர் மட்டும் வேட்டைக் குடிலில் மல்லுக்கு நின்றான்.

"செம்பு தண்ணிக் குழாய்க்குத்தான் லாயக்கு மாப்ள. சுட்டா மான் விழணும்ல?"

"விழும் மச்சான். நீ குறி தப்பினா அதுக்குக் குண்டு என்ன பண்ணும்?"

"ஈயம்னா மானுக்குள்ளயே நின்னுடும். அது ஒரு நிம்மதி."

"நின்னு கறியில கலக்குது, அதானே நிம்மதி? செம்பு இந்தப் பக்கம் நுழைஞ்சா அந்தப் பக்கம் முழுசா வெளிய போயிடும். ஒரு துணுக்கு உள்ள தங்காது. பெட்டியிலயே போட்டிருக்கான் பாரு."

ஸ்தூரே செம்புக் குண்டுப் பெட்டியைத் தட்டிக் காட்டி ஈவரின் சட்டைப் பையில் திணித்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஈவரும் சிரித்துவிட்டான்.

அக்டோபரில் ஒரு காலை, டுஸ்ஸா ஒரு பெரிய எல்க் கடாவை மடக்கி நிறுத்திக் குரைத்தாள். ஈவர்தான் பக்கத்தில் இருந்தான். மேட்டிலிருந்து ஸ்தூரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒரு வெடி. குரைப்பும் அதோடு நின்றது.

மான் விழுந்தால் டுஸ்ஸா அதன் மேல் பாய்ந்து மயிரைப் பிடுங்குவாள், உறுமுவாள். ஒரு சத்தமும் இல்லை. ஸ்தூரே ஓடினான்.

மான் விழுந்து கிடந்தது. அது நின்ற இடத்துக்குப் பின்னால், புதருக்குள், இடுப்பு சிதைந்து கிடந்தாள் டுஸ்ஸா. அவனைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள். ஸ்தூரே தன் துப்பாக்கியாலேயே முடித்து வைத்தான்.

"நாய் எங்க நிக்குதுன்னு பாக்கலியா நீ?"

"மானுக்குப் பின்னாடிதான் குரைச்சா மாப்ள, கேட்டுச்சு. என் ஈயம் ஒருநாளும் வெளிய வந்ததில்ல... அந்த நினைப்புலயே..."

பின்னால் நாய் நிற்கும்போது எந்தக் குண்டானாலும் சுடக் கூடாது. இது கற்றுக்குட்டிக்கும் தெரியும். ஈவரின் முகத்தில் ஓங்கிக் குத்த ஸ்தூரேவுக்குக் கை துடித்தது. ஆனால் அந்தப் பக்கம் முழுசாக வெளியே போகும் என்று பெட்டியைத் தட்டித் தட்டிச் சொன்னவன் ஸ்தூரேதான். பெருமையாகச் சொன்னான். அதை எச்சரிக்கையாகச் சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை. கையைக் கீழே போட்டான்.

மானை அப்படியே விட்டுப் போக முடியாது. இருவரும் அறுத்தார்கள். ஈவர் பழக்கத்தில் காயத்தைச் சுற்றி வெட்டி வாளியில் போட்டான். விரலால் தடவிப் பார்த்தான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"சுத்தமா இருக்கு மாப்ள," என்றான். "நீ சொன்ன மாதிரியே. ஒரு துணுக்கு இல்ல."

குத்திக் காட்ட அவன் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

டுஸ்ஸாவைக் கம்பளியில் சுற்றி வண்டியில் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்தூரே முதலில் வாளியைத்தான் இறக்கினான். நேராகப் போய் நாய்க் கூண்டின் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டான். திறந்த பிறகுதான் காலிக் கூண்டைப் பார்த்து, வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.