இருநூறு ரூபாய் தினார்

நாட்டின் ரூபாய் விழுந்தால் வயிறெரிகிறவர்கள் கோடிப் பேர் உண்டு. விழட்டும் தாயே என்று தில்லைக் காளிக்கு எலுமிச்சை மாலை நேர்ந்துகொண்டவள் எழிலரசி ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதற்கு அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. வாயைக் கொடுத்தவன் அவள் புருஷன் இளவரசு.

2005இல் குவைத்துக்குக் கிளம்பிய அன்று, கடலூர் பஸ் நிலையத்தில் கைக்குழந்தையோடு அழுதுகொண்டு நின்றவளைத் தேற்ற அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"அழுவாத எழிலு. இன்னிக்கு ஒரு தினாரு நூத்தி நாப்பத்தொம்பது. அது எரநூறு ஆவட்டும், மறுநாளே பொட்டி கட்டிடுறேன். சத்தியம்."

அவன் வெல்டர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்தமாக ஒரு பட்டறை போட வேண்டும், அதற்குத்தான் போனான். சொன்னதை விமானம் ஏறும்போதே மறந்திருப்பான். அவள் மறக்கவில்லை.

மறக்கக் கூடாது என்றுதானோ என்னவோ, அவளுக்கு வேலையும் அப்படியே வாய்த்தது. சிதம்பரம் மேல வீதியில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் ஞானசேகரன் கடைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். காலையில் போனதும் வாசல் பலகையில் அன்றைய விலையைச் சாக்பீஸால் எழுதுவாள். ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு விலை: கடை வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. நடுவில் நிற்கும் இரண்டு மூன்று ரூபாயில்தான் முதலாளி வீட்டில் உலை கொதித்தது.

தினார் விலையை மட்டும் வீட்டுக்கு வந்து காலண்டரிலும் குறித்து வைப்பாள். 2007 கடைசியில் நூற்று நாற்பத்து மூன்றுக்கு இறங்கியபோது இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஏறியது, மறுபடி இறங்கியது. இளவரசு இரண்டு முறை லீவில் வந்து போனான். முதல் முறை மகள் அருள்மொழி அவனை "அங்கிள்" என்று கூப்பிட்டாள்.

பட்டறைக்கு வேண்டிய பணம் 2010லேயே சேர்ந்துவிட்டது. இடம் பிடித்து ஷட்டரும் போட்டாயிற்று. அது பூட்டியே கிடந்தது. கேட்டால், "ரேட்டு வரட்டும் எழிலு. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்பான். அழுதவளுக்குச் செய்த சத்தியத்தை எடுத்துத் தனக்கே தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டான், கெட்டிக்காரன்! தொழில் ஓடாமல் போனால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம். அது எழிலரசிக்கும் தெரியும். தெரிந்து என்ன, பிள்ளை வளர்ந்துகொண்டே போனாள்.

2012 மே மாதம் ஒரு நாள், பலகையில் தினார் விலையை எழுதியவள் அழித்துவிட்டு மறுபடி ஒரு முறை எழுதிப் பார்த்தாள். மதியம் போன் போட்டாள்.

"மாமா, எரநூறு வந்துடுச்சு."

"வாங்குறதா, விக்கிறதா?"

"விக்கிறது."

"வாங்குறது?"

"நூத்தித் தொண்ணூத்தேழு."

"அப்ப இன்னும் வரலியே. எங்கிட்டேருந்து வாங்குற வெலதான எனக்குக் கணக்கு?"

பலகை எழுதுகிறவளுக்கே பாடம்! போனை வைத்துவிட்டு அழுதாள். ஆத்திரம் அடங்கியதும் யோசித்தாள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.

மறுநாள் பலகையில் தினார் வாங்கும் விலை இருநூறு என்றிருந்தது. டீக் கிளாசோடு வந்த ஞானசேகரன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? கடைய இழுத்து மூடிட்டுப் போயிடலாமா?"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சார். தினாருக்குக் கூடக் குடுக்குற மூணு ரூபாய என் சம்பளத்துல புடிச்சிக்குங்க." காரணத்தையும் சொன்னாள்.

கறாரான மனுஷர். ஆனால் அவர் மகளும் துபாய்க்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். "நாலு மணி வரைக்கும்தான்," என்றார்.

முதலில் வந்தவர் பரங்கிப்பேட்டை நூர்தீன் பாய். குவைத்தில் இளவரசு தங்கியிருக்கும் கேம்ப்தான் அவருக்கும், லீவில் வந்திருந்தார். "கடலூர்ல நூத்தித் தொண்ணூத்தாறுக்கு மேல தர மாட்டேன்றானுவோ, இங்க ஜாஸ்தியா இருக்கே!" என்று நூறு தினாரை மாற்றினார். படி இறங்கும்போதே கேம்புக்குப் போன் போட்டுச் சொன்னார். எழிலரசிக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் பாய் பரங்கிப்பேட்டைக்கும் போன் போட்டுவிட்டார். ஊரே திரண்டு வந்தது. நாலு மணிக்குள் எழுநூற்று இருபது தினார். இரண்டாயிரத்து நூற்று அறுபது ரூபாய், அவள் சம்பளத்தில் பாதி. வயிறு எரியத்தான் செய்தது.

அன்று சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "எழிலு, வாங்குறதே எரநூறாமே? பாய் சொன்னாரு. நெசமா?"

"நாந்தான எழுதுனேன்."

"அருளு என்ன பண்ணுது?"

"ஷட்டரு சாவிய வச்சி வெளையாடிக்கிட்டு இருக்கு."

"சரி, டிக்கெட் போடுறேன்," என்றான்.

ஜூன் கடைசியில் வந்து சேர்ந்தான். மறுநாளே மிச்சமிருந்த அறுபது தினாரை மாற்றக் கடைக்கு வந்தான். அன்று பலகையில் வாங்கும் விலை இருநூற்றொன்று, யாரும் கைக்காசு போடாமலே. ஞானசேகரனுக்கு வாய் சும்மா இருக்குமா? நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்.

இளவரசு கவுண்டர் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தான். "ரெண்டாயிரத்து நூத்தி அறுவது ரூபா! ஒரு மாசம் பொறுத்திருந்தா தானா வந்திருக்குமே எழிலு?"

அவள் தலை நிமிராமல் நோட்டுகளை எண்ணினாள். "வந்திருக்கும் மாமா. அதுக்குள்ள நீங்க எரநூத்தி அம்பதுன்னு சொல்லியிருப்பீங்க."

அவன் சட்டைப் பையைத் தடவி, காலையில் மகளிடம் வாங்கிய ஷட்டர் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.