டிக்கியில் இரண்டு டின் ஆயில்

சேசுராஜுக்குக் காலையிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. மாட்டுங்காவில் முதலாளி வானமாமலையின் வீட்டுப் பின்பக்கம், சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்து, படகு மாதிரி நீண்ட அமெரிக்க வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்ததற்கு அதுதான் கூலி. ஊர்ந்து வெளியே வந்து, மட்கார்டைப் பிடித்துத்தான் எழுந்தான். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி முதலாளியிடம் நீட்டினான்.

"மோந்து பாருங்க சார். கியர் ஆயில் செக்கச்செவேல்னு இருக்கணும். இது கருகின டிகாக்ஷன் மாதிரில்லா இருக்கு."

வானமாமலை மூக்கைச் சுளித்தார், மோந்து பார்க்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கிய வண்டி. கூரையை மடக்கிவிடலாம். கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். தமிழ்க் கல்யாணங்களின் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவார். நாதஸ்வரத்துக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நடை வேகத்தில் ஊர்ந்தால் கியர் பெட்டிக்குள் எண்ணெய் வெந்துபோகும் என்பது சேசுராஜுக்குத்தான் தெரியும். ஓட்டுவதும் அவன், நோண்டுவதும் அவன்.

"ஓடிண்டிருக்கற பெட்டியை எதுக்குத் திறக்கணும்கறே? பழைய பெட்டியிலே புது ஆயிலை விட்டா அப்புறம் நகரவே நகராதுன்னு தாதர்லே ஒரு மெக்கானிக் சொன்னான்."

"அவன் சொன்னது பாதி நெசம். ப்ளேட்டு தேஞ்சிருந்தா அப்படி ஆகும். இது காலைல நல்லா இழுக்கு, சூடான பெறவுதான் வழுக்குது. ஃபில்டர் அடைச்சிருக்கு சார். அடித்தட்டக் கழத்தி, ஃபில்டரையும் ஆயிலையும் மாத்த நாலு மணி நேரம். இப்ப ஒம்பது. ஒரு மணிக்கு வண்டி ரெடி."

"சாயங்காலம் ஆறு மணிக்கு அனந்தநாராயணன் பொண்ணு ருக்குவோட ஜானவாசம். திறந்து போட்டுண்டு ஒரு போல்ட்டு உடைஞ்சதுன்னா, மாப்பிள்ளையை நீ தோள்லே தூக்கிண்டு போவியா?"

"சாமான்கூட வாங்கி டிக்கியில வச்சிருக்கேன் சார்."

"யாரு வாங்கச் சொன்னா? நான் சொல்லலே. அதுக்கு நான் தம்பிடி தரமாட்டேன்."

"வழியில நின்னுட்டா?"

"நின்னா உன் வேலை போச்சு. நிக்காம ஓட்டத்தானே சம்பளம்."

சேசுராஜ் கம்பியைத் திரும்பச் செருகினான். டிக்கியில் இருந்தது ஒரு ஃபில்டர், இரண்டு டின் ஆயில். கடையில் கிடைக்காது, இறக்குமதிக்குத் தடை. கப்பல்காரன் யாராவது கொண்டுவந்தால் உண்டு. முந்தின நாள் குர்லாவில் பட்டறைக்காரர் கரீம் பாட்சாவிடம் மன்றாடி வாங்கியது. அவர் காசு கேட்கவில்லை.

"காச வச்சி நான் என்னடே செய்ய? இந்த மாதிரிப் பொட்டியக் கழத்தத் தெரிஞ்ச கை வேணும். மூணு ஞாயித்துக்கெழம வந்து வேல பாரு."

"ஞாயித்துக்கெழம பூசை உண்டே, பாய்."

"முடிச்சிட்டு வா. ஒங்க சாமியாரு சாயங்காலம் வரைக்குமா பேசுவாரு?"

வேலை போய்விடக் கூடாது என்றுதான் அந்த மூன்று ஞாயிறையும் ஒப்புக்கொண்டான்.

ஆறு மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. கோட்டுப் போட்ட மாப்பிள்ளையைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள் ஏறிக்கொண்டன. ஒன்று ஹாரனை விடவே இல்லை. சேசுராஜ் வேண்டாம் என்று சொன்னதற்கு, "கல்யாண வண்டின்னா அப்படித்தான்" என்றார் அனந்தநாராயணன். மார்க்கெட் திருப்பம்வரை வண்டி தாங்கியது. அங்கே எஞ்சின் ஊளையிட்டது, சக்கரம் அசையவில்லை. கருகல் வாடை சேசுராஜின் முகத்தில் அடித்தது. நாதஸ்வரம் எதையும் கவனிக்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"பத்து நிமிசம் ஆறட்டும். மாப்பிள்ளை எறங்கிக்கிடட்டும்" என்றான்.

"நடுத்தெருவிலே மாப்பிள்ளை இறங்கப்படாது" என்றார் அனந்தநாராயணன்.

ஊர்வலத்தோடு நடந்து வந்த வானமாமலை ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். "தள்ளு."

வேடிக்கை பார்த்த இரண்டு பேர் கை கொடுத்தார்கள். "கியா அண்ணா, பெட்ரோல் கதம்?" என்று, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என இந்தியில் கேட்டு ஒருவன் சிரித்தான். சேசுராஜ் டிக்கி மூடியில் இரண்டு கையையும் ஊன்றினான். காலையில் பிடித்த இடுப்பு இப்போது தொடைவரை இழுத்தது. மூடிக்குள் புது ஆயில் டின்கள் ஒன்றோடொன்று முட்டி டங் டங்கென்றன. நாலு மணி நேரம் கேட்டேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மண்டபம்வரை தள்ளினான். பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்து அவனுக்குக் கைதட்டின.

மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துப் போனதும் வானமாமலை இறங்கி வந்தார்.

"மானத்தை வாங்கிட்டே. நாளையிலேர்ந்து வராதே."

"சரி சார். டிக்கியத் தெறங்க, என் சாமான எடுத்துக்கிடுதேன்."

"உன் சாமானா? பெட்டி பாழானதுக்கு யாரு குடுக்கறது? அதைத் தொடாதே." டிக்கியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டார்.

சேசுராஜ் இடுப்பில் கை வைத்தபடி தாராவிப் பக்கம் நடந்தான். திங்கள் முதல் சனிவரை இனிச் செய்ய வேலை கிடையாது. கரீம் பாட்சாவுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை பாக்கி.