மஞ்சள் படாத இலை

கண்ணாடித் தட்டில் வளர்த்த தோல் செல்களின் நடுவே கீறிய கோடு, ஒரே நாளில் மூடிக்கொண்டது. நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்க ஜெகதீஸ்வரிக்கு மனம் வரவில்லை. வெட்டுக்காயப் பூண்டு என்ற களைச்செடியின் சாறு வேலை செய்கிறது!

அவளுடைய ஆராய்ச்சியை மேற்பார்வையிடும் டாக்டர் அதிரா, சாறு வடிகட்டிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பச்சை சரி. ஓரத்துல ஏன் மஞ்சளா இருக்கு, ஜெகா?"

ஜெகாவுக்கு உடனே புரிந்துவிட்டது. டத்தோ கிராமாட் பகுதியிலுள்ள தன் வீட்டு வாசலோரம் பறித்து வைத்த இலைகளை அவள் குளித்து வருவதற்குள் அம்மா கழுவியிருந்தார். கீரையோ மீனோ, மஞ்சள் தண்ணீர் படாமல் அந்த அடுப்படியைத் தாண்டாது. அதை அதிராவிடம் சொன்னாள்.

"அப்போ காயத்த மூடுனது பூண்டா, உங்கம்மா மஞ்சளா? பூண்டுதான்னு காட்ட முடியலன்னா வேற செடிதான். மறுபடியும் முதல்லேருந்து."

இத்தனை நாள் உழைப்பும் வீணா? ஜெகா அன்று மாலையே மறுபடி இலை பறித்தாள்.

"மஞ்ச போடாம கழுவுறதா? நாய் கால் தூக்குற எடம்லா அது!" என்றார் அம்மா வள்ளியம்மா.

"வெறும் தண்ணி போதும்மா. தொடாதீங்க."

"ஓ, என் மஞ்சள் ஆகாதோ? இந்தா, இதையும் கொண்டு போ. ரெண்டையும் மோதவிட்டுப் பாரு!"

கோபத்தில் நீட்டிய டப்பாதான் என்றாலும், ஜெகாவுக்குத் தேவையானது அதுதான். ஒரு தட்டில் வெறும் தண்ணீர், ஒன்றில் அம்மாவின் மஞ்சள் தண்ணீர், ஒன்றில் மஞ்சள் படாத பூண்டுச் சாறு.

மறுநாள் தண்ணீர்த் தட்டில் கீறல் அப்படியே இருந்தது. மஞ்சள் தட்டில் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. மூன்றாவதில் கோட்டையே காணவில்லை. தட்டு மாறிவிட்டதோ என்று ஒட்டியிருந்த பெயரைப் படித்துப் பார்த்தாள். மாறவில்லை. திரும்பத் திரும்பச் செய்தபோதும் அதேதான்.

அதிரா நிமிர்ந்து சிரித்தார். "இதே செடிதான், ஜெகா. அடுத்த கட்டத்துக்குப் போலாம்."

ஜெகா வீட்டுக்குப் போன் போட்டாள். "அம்மா, உங்க மஞ்சள் தோத்துருச்சு!"

"தண்ணியில கலந்தா எப்படிலா ஜெயிக்கும்? கெட்டியா அரைச்சுப் போட்டிருக்கணும்." பிறகு பக்கத்து வீட்டை நோக்கி, "மோகனா! எம்மவ செடி ஜெயிச்சிருச்சு!" என்று கத்துவது கேட்டது.

அடுத்த வாரம் நகராட்சி ஆள் புல்வெட்டும் இயந்திரத்தோடு தெருவுக்கு வந்தான். வாசலோரப் பூண்டுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார் வள்ளியம்மா.

"ஜாங்ஙான் போத்தோங்! வெட்டாதே தம்பி! இது லேப்புக்குப் போற செடி!"